கத்திப்பிடிக்கு எந்த மரம்? கையில் காசு குறைவு, வளவில் விறகு நிறைய

குளக்கட்டு எழுதியது, ஜூன் 9

எல்லோருக்கும் வணக்கம். நான் வன்னியில் விசுவமடுப் பக்கம். தொழில் உழவு இயந்திரம் திருத்துவது. ஒரு வருடமாகக் கத்தி செய்கிற பித்துப் பிடித்திருக்கிறது. பழைய லொறி வில்லுத்தகட்டை வெட்டி, காய்ச்சி அடித்து, எண்ணெயில் தோய்த்து மூன்று கத்திகள் முடித்துவிட்டேன். இரும்பு வேலை ஓரளவு கைவந்துவிட்டது. பிடி போடுகிற இடத்தில்தான் மானம் போகிறது.

முதல் கத்தி அம்மாவுக்கு. போன மாரியில் பின்வளவில் சரிந்த வேம்பில் ஒரு கொப்பை அரிந்து, இரண்டு பலகை சீவி, அறல்டைற் பசை பூசி, மூன்று ஆணி அடித்து முடக்கினேன். புதிதாக இருந்தபோது தெருவில் போனவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு கிழமைதான். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று தொடங்கியதும் பலகை இரண்டும் சுருங்கிவிட்டன. ஆணித்தலைகள் வெளியே எட்டிப் பார்க்கின்றன. இரும்பின் விளிம்பு மரத்தைவிட அரை நூல் மேலே நிற்கிறது. இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கையை அறுக்கிறது. அம்மா குறை சொல்லவில்லை. பழைய சீலைத் துண்டொன்றைப் பிடியில் சுற்றி வைத்துக்கொண்டு மரக்கறி வெட்டுகிறார். அதைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

இரண்டாவதற்கு, எங்கோ கிடந்த மாம்பலகைத் துண்டு. சீவச் சீவ வெண்ணெய் போல வந்தது. மீன் வெட்டிய தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கறுத்து, இப்போது தட்டினால் மாவாக உதிர்கிறது, உளுத்துவிட்டது. மூன்றாவது கத்தி பிடியில்லாமல் மேசை இலாச்சிக்குள் இருக்கிறது.

வெளிநாட்டுக் கத்திக்காரர்களின் காணொளிகளைப் பார்த்தால் வால்நட், மேப்பிள் என்று சொல்கிறார்கள். அந்தப் பலகை ஒரு சோடி இங்கே வந்து சேரும் செலவில் நான் இரண்டு கிழமை சாப்பிடலாம். நமக்குக் கிடைக்கிற மரத்தில் எது நல்லது? செலவு 500 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். என்னிடம் கைவாள், இரும்பு வாள், ட்றில், இரண்டு அரம், ஓர் உளி இருக்கின்றன.

காட்டுராசா எழுதியது, ஜூன் 9

கருங்காலி. வேறு பேச்சே இல்லை. என் மாமாவிடம் கருங்காலிப் பிடி போட்ட கத்தி ஒன்று முப்பது வருடமாக இருக்கிறது, அசையவில்லை. அது கிடைக்காவிட்டால் முதிரை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யாரையாவது பிடித்தால் காட்டிலிருந்து ஒரு கட்டை கொண்டுவந்து தருவார்கள். மான்கொம்பு அகப்பட்டால் இரண்டையும் விட நல்லது.

பழைய அரம் எழுதியது, ஜூன் 10

தம்பி குளக்கட்டு, மேலே உள்ளவரின் பேச்சைக் கேட்டு வாளோடு காட்டுக்குள் இறங்கிவிடாதீர். கருங்காலி வெட்டத் தடை. முதிரையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு முழக் கட்டையாகக் கொண்டுபோனாலும் மறிப்பார்கள். மான்கொம்பு என்றால் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஒரு சாண் பிடிக்காக நீதிமன்ற வாசலில் பெயர் கூப்பிடும்வரை நிற்பதா? காட்டுக்குள் இன்னும் கண்ணிவெடி என்று சிவப்பு மண்டையோட்டுப் பலகை நாட்டிய இடங்களும் இருக்கின்றன. அதை விசுவமடுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டத்தை விடுவோம். கருங்காலி கத்திப்பிடிக்கு ஏற்ற மரம் என்று யார் சொன்னது? தண்ணீரில் போட்டால் கல்லைப் போலத் தாழுகிற மரம். காய்ந்து முடிவதற்குள் நுனியிலிருந்து மயிரிழை வெடிப்பு ஓடும். மரத்தின் நடு வைரம்தான் கறுப்பு, சுற்றியுள்ளது வெளிறு. கடையில் கருங்காலிப் பிடி என்று தருகிறவை எல்லாம் கருங்காலியும் அல்ல. ஒருமுறை பட்டணத்துக் கடையொன்றில் விலை கொடுத்து வாங்கிய கத்தியை, ஸ்பிரிற்றில் நனைத்த துணியால் துடைத்தேன். துணி கறுத்தது, பிடி வெளுத்தது. உள்ளே ஏதோ பெட்டிப் பலகை.

நான் நாற்பது வருடமாகக் கொல்லுப்பட்டறையில் இருக்கிறவன். முன்பு அறுவடை நெருங்கினால் அரிவாளுக்குப் பிடி மாற்ற வாசலில் வரிசை நிற்கும். அறுப்பு இயந்திரம் வந்தபிறகு அரிவாள் அருகிவிட்டது. கத்தியும் மண்வெட்டியும் குறையவில்லை. ஆகவே பிடியைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளும்.

உமது வேம்பில் ஒரு குற்றமும் இல்லை. மாரியில் சரிந்த மரத்தைத் தண்ணீரோடு அரிந்து பூட்டியிருக்கிறீர். மரம் நீளவாக்கில் சுருங்குவது கண்ணுக்குத் தெரியாது. அகலத்திலும் கனத்திலும்தான் சுருங்கும். இரும்பு அப்படியே நிற்கும். அதனால்தான் ஆணியும் விளிம்பும் மேலே வந்தன. அதே வேம்பை ஓர் அங்குலப் பலகையாக அரிந்து, வெட்டுமுகம் இரண்டிலும் மெழுகோ பழைய பெயின்றோ பூசி, நிழலில் காற்றோட்டமாக அடுக்கி வைத்திருந்தால் அது உமக்கு நல்ல பிடி கொடுத்திருக்கும். வெட்டுமுகத்தில் பூசாவிட்டால் அந்த வழியாக ஈரம் அவசரமாக ஓடி நுனி வெடிக்கும்.

எவ்வளவு காலம் காய வேண்டும்? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது ஓடாவிமார், அதாவது தச்சர்கள், சொல்லும் கணக்கு. நம் கச்சானுக்கு அவ்வளவு தேவைப்படாது. பலசரக்குக் கடைத் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்து, எடையைப் பலகையிலேயே பென்சிலால் எழுதும். கடைக்காரர் சிரிப்பார், சிரித்துவிட்டுப் போகட்டும். மூன்று கிழமை ஒரே எடை வந்தால் மரம் அடங்கிவிட்டது. பழைய ஆட்கள் அடுப்புக்கு மேலே பரணில் போட்டு வைப்பார்கள். புகையும் ஏறும், பூச்சியும் அண்டாது. எங்கள் பட்டறைக் கூரையில் ஐயா காலத்துக் கட்டைகள் இன்னும் இரண்டு கிடக்கின்றன. கேட்டால் தரமாட்டேன்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் காய்ந்த மரத்தைத் தேடும். காட்டில் அல்ல, வீட்டில். உடைந்த உலக்கை, இற்றுப்போன மண்வெட்டியின் பிடி, கால் ஒடிந்த கட்டில், மாட்டு வண்டில் சில்லின் ஆரக்கால். இருபது முப்பது வருடம் வெயிலும் மழையும் பார்த்து, சுருங்க வேண்டியது சுருங்கி, வெடிக்க வேண்டியது வெடித்து முடிந்த மரம். செலவு ஒரு சதம் இல்லை.

இனி மரத்தின் பேர்.

புளி: என் முதல் தெரிவு. செக்குக்கும் உலக்கைக்கும் இறைச்சி வெட்டுகிற குற்றிக்கும் புளியை வைத்தார்கள் என்றால் காரணம் இருக்கிறது. வைரம் கடும் ஊதா கலந்த மண்ணிறத்தில் இருக்கும். அதை மட்டும் எடும். மஞ்சள் வெளிறைச் சேர்த்தால் பூச்சி விழும். பெரிய மரத்திலும் வைரம் சிறிதாக இருக்கும் என்பதால் அடிக்குற்றியைத் தேடும். நார் ஒன்றுக்கொன்று முறுக்கி ஓடுவதால் சீவுளி கிழிக்கும், உளி முறைக்கும். அரத்தால் ராவி எடுப்பதுதான் வழி. கை நோகும்.

பூவரசு: உமது வேலியிலேயே நிற்கும். இளங்கதியாலில் வைரம் இருக்காது; வேலிமூலையில் தொடை மொத்தத்தில் நிற்கிற கிழட்டுப் பூவரசில் இருக்கும். அரிந்ததும் ஊதாவும் சிவப்பும், காய்ந்தால் நல்ல மண்ணிறம். பாரமில்லை, தண்ணீருக்கு அஞ்சாது. வேலை பழகுகிறவருக்கு இதைவிட இசைவான மரம் இல்லை.

கொய்யா: நீர் சிறுவனாக இருந்தபோது கல்லெறிகிற கெற்றப்போலுக்கு எந்தக் கவர் தேடினீர்? அதேதான். நெருங்கிய நார், உடையாது. அகலப் பலகை கிடைக்காது. கத்தியின் வாலை, அதாவது பிடிக்குள் போகிற இரும்பை, நடுவே இறக்குகிற பிடிக்கு ஏற்றது.

தேக்கு: தளபாடக் கடைகளின் கழிவில் கிடைக்கும். வாள்ப்பல்லை மழுக்கும். எண்ணெய்ப் பசை உள்ளதால் பசை பூசுமுன் தின்னர் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாமல் கழன்று வரும்.

பாலை: பழம் சாப்பிடும். பிடிக்கு வேண்டாம். ரயில் தண்டவாளத்தின் கீழே போடுகிற சிலிப்பர்க் கட்டையை அரைக் கிலோக் கத்தியில் பூட்டி என்ன செய்யப் போகிறீர்?

பனை வைரம் பார்வைக்கு அழகு. ஆனால் அது மற்ற மரம் போல அல்ல. கறுப்பு நார்களை ஒரு மென்சோற்றுக்குள் செருகிவைத்தது போன்றது. அந்தச் சோறு தேயத் தேய நார் நிமிர்ந்து கையில் ஏறும். தண்ணிப் பதமான சூப்பர் குளூவை இரண்டு மூன்று தடவை குடிக்கவிட்டு, அதன்பின் தேய்த்தால் தப்பலாம். நட்ட மரத்தில் கைவைக்காதீர், பனை தறிக்க அனுமதி வேண்டும். விழுந்த மரம், கழற்றிய பழைய வளை போதும்.

முதிரையை ஒரு காரணத்துக்காகத் திரும்பச் சொல்கிறேன். பழைய கதவு நிலையில் முறையாகக் கிடைத்தாலும், ராவும்போது வாயும் மூக்கும் கட்டும். முழுக்கைச் சட்டை போடும். அதன் தூள் சிலருக்குத் தோலைத் தடிக்க வைக்கும். எனக்கு முழங்கை வரை தடித்து ஒரு கிழமை தூக்கமில்லாமல் கிடந்தேன்.

களப்புக் கரையில் நிற்கிற தில்லையைத் தொடவே வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து.

எந்த மரமானாலும் பலகையின் ஓரத்தில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பாரும். நார் எப்படி ஓடுகிறதென்று அப்போதுதான் தெரியும். கத்தியின் நீளத்துக்கு நேராக ஓட வேண்டும். சரிவாக ஓடி ஓரத்தில் வெளியேறுகிறதா, அந்த இடத்தில்தான் ஒருநாள் பிளக்கும்.

ஆணியை விட்டுவிடும். காஸ் வெல்டிங்குக்கு விற்கிற பித்தளைக் கம்பியில் இரண்டு துண்டு போதும். துளையைக் கம்பியைவிட ஒரு மயிர் பெரிதாக எடும், துளையின் வாயைச் சற்று அகட்டும், கம்பி நுனியை மெல்லத் தட்டி விரிக்கும். பலத்தைக் காட்டினால் பலகை துளையிலிருந்து வெடிக்கும்.

கரைவலை எழுதியது, ஜூன் 11

பழைய அரம் ஐயா எல்லாம் சொல்லிவிட்டார். ஆனால் கத்தி செய்கிறவர்கள் கத்தி பிடிக்கிறவர்களிடம் கேட்பதே இல்லை. நான் முல்லைத்தீவுக் கரையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். காலை ஆறு மணிக்குக் கத்தியை எடுத்தால் பத்தரை வரை கீழே வைக்கமாட்டேன். என் கையில் இதுவரை ஐந்து பிடிகள் தேய்ந்திருக்கின்றன.

தம்பி, பிடியைக் கண்ணாடி போல மினுக்காதீர்கள். மீன் செதிலும் சளியும் பட்டால் மினுக்கிய பிடி விலாங்கு போல வழுக்கும். வார்ணிஷ் பூசிய பிடி ஒன்றை ஒருவர் அன்பளிப்பாகத் தந்தார். பாரைக்குத் தலை வெட்டும்போது கை முன்னே ஓடி ஆள்காட்டி விரலில் நான்கு தையல். அன்பளிப்புத் தந்தவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

உருண்டைப் பிடியும் வேண்டாம். உருண்டை என்றால் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது கைக்குத் தெரியாது. முட்டை வடிவம், கீழ்ப்பக்கம் சற்று ஒடுங்கல், பின்நுனியில் சுண்டுவிரல் கொளுவ ஒரு கொக்கி போன்ற வளைவு. என் கைக்கு நான்கரை அங்குல நீளம் கணக்காக இருக்கிறது. உங்கள் அம்மாவின் கையை அளந்தீர்களா? உங்கள் கைக்குச் செய்துவிட்டு அவரைப் பிடிக்கச் சொன்னால் சீலைதான் சுற்றுவார்.

மரம் என்றால் நான் பூவரசு. புளிப் பிடியும் பாவித்திருக்கிறேன், நன்றாக உழைத்தது, ஆனால் நான்கு மணிநேரம் பிடித்தால் மணிக்கட்டு சொல்லும். பனை ஒருமுறை போதும் என்றாகிவிட்டது. சிம்பு ஏறிய விரலை உப்புத் தண்ணீருக்குள் வைத்துப் பாருங்கள், தெரியும்.

உப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் பிடி மரத்தால் உடைவதைவிட உள்ளே இரும்பு இற்றுத்தான் உடைகிறது. மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் தண்ணீர் போக வழி இருந்தால் துருப்பிடித்து வீங்கி மரத்தையே பிளக்கும். அந்த இடுக்கை அடைத்துக் கொடுத்தால் பூவரசு என்ன, கிளுவையும் நிற்கும்.

தூரதேசம் எழுதியது, ஜூன் 13

மாங்குளத்தில் பிறந்து லண்டனில் தச்சு வேலை செய்கிறேன். முதிரை என்ற பெயரைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. இங்கே நூதனசாலைகளில் 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்து ஆங்கிலேய மேசைகளில் மஞ்சள் பட்டு போல மின்னுகிற மெல்லிய தகட்டு மரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அதில் ஒரு பகுதி நம் முதிரைதான். இலங்கையிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் கப்பலேறியது. எங்கள் வீட்டு ஆட்டுக்கொட்டில் கப்பும் முதிரைதான் என்று சொன்னால் இங்கே வேலை செய்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

ஒரு மரத்தை விட்டுவிட்டீர்கள்: சமண்டலை. ஆங்கிலேயர் இதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். அடியைத் தாங்கி வளைந்து நிமிர்கிற மரம். வெட்டுக்கத்தி, கோடாலி போன்ற அடிபடும் ஆயுதங்களுக்கு இதுதான். மரம் அரிந்து விற்கிற மரக்காலையில் வெட்டிய ஓரத்துண்டு கேட்டுப் பாருங்கள்.

பூச்சுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், அது காலத்துக்கும் உலராது. பிசுபிசுத்து ஊத்தை பிடிக்கும். பெயின்ற் கடையில் காய்ச்சிய லின்சீட் எண்ணெய் கிடைக்கும். மெல்லப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் நான்கு தடவை. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், பகிடி இல்லை. விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

குளக்கட்டு எழுதியது, ஆகஸ்ட் 17

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுதப் பிந்திவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆசையில் புளிக்குப் போனேன். விறகு ஏற்றி வருகிறவரிடம் 300 ரூபாய் கொடுத்து அடிக்குற்றித் துண்டொன்று வாங்கினேன். வெளியில் தழும்பு ஒன்றும் இல்லை. கைவாளால் பாதி தூரம் அரிந்தபோது ‘கிறீச்’ என்றது. ஏதோ கணு என்று நினைத்து இன்னும் இரண்டு இழுவை இழுத்தேன். ஏழெட்டுப் பல்லு போய்விட்டது. ஆப்பு வைத்துப் பிளந்தேன். உள்ளே கடதாசியில் மை கொட்டியதைப் போல நீலமும் கறுப்பும் நாரின் வழியே மேலும் கீழுமாக ஒரு சாண் ஓடியிருக்கிறது. நடுவில் சுண்டுவிரல் நகத்தளவு இரும்பு, ஒரு பக்கம் ரம்பம் போல. போர்க்காலத்துப் பீரங்கிச் செல் துண்டு. மரம் அதை வாயில் அடக்கிய பாக்கைப் போல வைத்துக்கொண்டு மேலே சதை மூடி வளர்ந்திருந்தது. அதைக் கழற்றி இலாச்சியில் போட்டேன். குற்றியை அன்றைக்கு மேலும் அரிய மனம் வரவில்லை.

பிறகு வட்டக்கச்சியில் பெரியம்மாவிடம் உடைந்த உலக்கை இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கென்று கேட்டார். கத்திக்குப் பிடி போட என்றதும், ‘உலக்கை பிடிக்கத் தெரிந்த பெண்ணைத் தேட வேண்டிய வயதில் உலக்கையைத் தேடுகிறாய்’ என்றார். மாட்டுக்கொட்டில் மூலையில் கிடந்தது. பூண் எப்போதோ கழன்றுவிட்டது, ஒரு பக்கம் நீளத்துக்கு வெடிப்பு. வெடிப்பைத் தவிர்த்து அரிந்ததில் இரண்டு கத்திக்குத் தேவையான பலகை வந்தது. உள்ளே கடும் ஊதா. புளி என்றே நினைக்கிறேன். நடுவில், கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்து ஒடுங்கிய இடத்தைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதை அரிய வேண்டாம் என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

கரைவலை அக்கா சொன்னபடி அம்மாவின் கையை அளந்தேன். என் கையைவிட முக்கால் அங்குலம் சிறியது. நான்கு அங்குலப் பிடியாகச் செய்து, கடைசியில் 240ஆம் இலக்க அரத்தாளோடு நிறுத்திவிட்டேன், மினுக்கவில்லை. பித்தளைக் கம்பி இரண்டு. மொத்தச் செலவு கம்பிக்கும் அரத்தாளுக்கும் சேர்த்து 380 ரூபாய், புளிக்குற்றிக்குக் கொடுத்த 300ஐக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

கேள்வி: மிச்சப் புளிக்குற்றியைப் பாவிக்கலாமா? நீலம் படர்ந்த இடம் பழுதா? வேறு துண்டும் உள்ளே இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பழைய அரம் எழுதியது, ஆகஸ்ட் 17

நீலம் பழுது அல்ல, மை. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரமும் கூடினால் அப்படித்தான். கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து முன்பு எழுதுமை காய்ச்சினார்களே, அதே சங்கதி. இரும்பைச் சுற்றி ஒரு விரற்கடை மரம் பலமிழந்திருக்கும், அதை வெட்டி எறியும். அதற்கு அப்பால் நகத்தால் குத்திப் பாரும். கெட்டியாக இருந்தால் பாவிக்கலாம். நிறம் சிலருக்குப் பிடிக்கும்.

கரைவலைத் தங்கச்சி சொன்ன இடுக்கை அடைக்க வேண்டியது இதற்காகவும்தான். உமது கத்தியின் வாலும் இரும்பு, பலகையும் புளி. நடுவில் ஈரம் இறங்கினால் பிடிக்குள்ளேயே மை காய்ச்சத் தொடங்கும். பூட்டும்போது பசையைச் சிக்கனம் பார்க்காமல் இரும்பு முழுவதும் பூசி, ஓரத்தில் பிதுங்கி வரும்வரை இறுக்கும். எங்கள் பட்டறையில் அறல்டைற் வருமுன் அரக்கும் செங்கல் தூளும் உருக்கி ஊற்றினோம். வேலை ஒன்றுதான்.

வேறு துண்டு இருக்கிறதா என்று பார்க்க, பழைய ஸ்பீக்கர் ஒன்றை உடைத்து அதன் காந்தத்தை நூலில் கட்டி, பட்டையை உரித்த குற்றியின் மேல் தொட்டும் தொடாமலும் இழும். ஆழத்தில் இல்லாவிட்டால் காந்தம் ஒருபக்கம் இழுபடும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்: ஈயமும் செம்பும் காந்தத்தைக் கண்டுகொள்ளாது, துப்பாக்கிச் சன்னம் பலவும் அந்த இனம். வாளை ஆறுதலாக இழும், சத்தம் மாறினால் உடனே நிறுத்தும். நம் பக்கத்து மரத்தை அரியும்போது எனக்கு இப்போதும் காதுதான் முந்தி வேலை செய்கிறது. மரக்காலைக்காரர்களைக் கேட்டால் எத்தனை வாள் போனதென்று விரல் விட்டு எண்ணுவார்கள்.

உலக்கையின் இடுப்பை அரியாமல் விட்டது நல்லது. மாரி முடியட்டும், பிறகு பிடியின் படத்தைப் போடும். கச்சானில் எல்லாப் பிடியும் நல்ல பிடிதான்.

குளக்கட்டு எழுதியது, நவம்பர் 28

மழை தொடங்கி ஐந்து கிழமை. முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது, இரணைமடுக் குளம் நிறைந்துகொண்டு வருகிறது, அரிசிப் பெட்டிக்குள்ளும் ஈரம். இன்று காலை கத்தியை எடுத்துப் பித்தளைக் கம்பித்தலைகளின் மேல் நகத்தை இழுத்துப் பார்த்தேன். ஒன்றில் தடக்கவே இல்லை. மற்றதில் மரம் ஒரு நூலிழை மேலே வந்திருக்கிறது, கை உணரவில்லை. இரும்பின் ஓரத்தில் பசைக்கோடு அப்படியே இருக்கிறது, கறுக்கவில்லை.

பழைய வேம்புப் பிடியையும் கழற்றிவிட்டேன். மிச்ச வேம்புப் பலகை இப்போது அடுப்புக்கு மேலே பரணில் இருக்கிறது, பென்சில் கணக்கோடு. வைக்கும்போது 410 கிராம், போன கிழமை 352. மழையிலும் குறைகிறது என்றால் புகைக்குப் புண்ணியம்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. அம்மா புதுப் பிடியிலும் அந்தச் சீலையைச் சுற்றியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன், பழகிவிட்டது என்கிறார்.

பழைய அரம் எழுதியது, நவம்பர் 28

சீலை ஈரம் பிடிக்கும். கழற்றச் சொல்லும். கேட்கமாட்டார் என்றால் தினமும் காயப்போட இரண்டாவது சீலை ஒன்று கொடும்.